பலவந்தச் சீட்டு

"அழுதுகிட்டே வந்தேன்னு ஒரு வரி சேத்துக்குங்க வாத்தியாரே," என்றான் பீரங்கிக்காரன் சைலஸ்.

ஒபதையா பின்னாக் பேனாவை நிறுத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். போன வருஷம் நாசோ துறைமுகத்தில், சேர்த்துக்கொள்ளாவிட்டால் கப்பலையே கொளுத்திவிடுவேன் என்று மிரட்டி இந்தக் கொள்ளைக் கப்பலில் தொற்றிக்கொண்ட பிரகஸ்பதி இவன். இருந்தாலும் 'கண்ணீரும் கம்பலையுமாக' என்று எழுதிக் கொடுத்தார்.

கடலில் இது வழக்கம்தான். கொள்ளையர்கள் ஒருவனை அவன் விருப்பமில்லாமல் பிடித்து வந்தால், 'இவனைப் பலவந்தமாகத்தான் இழுத்து வந்தோம்' என்று ஒரு சீட்டு தருவார்கள். பின்னால் மாட்டிக்கொண்டால், ஜமைக்கா நீதிபதியிடம் அதை நீட்டித் தூக்குக் கயிற்றிலிருந்து கழுத்தை உருவிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கப்பலே வரிசையில் நின்று சீட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

காரணம், மூன்று நாளாகத் துரத்தி வந்த அரசரின் போர்க்கப்பல். இரண்டு அடுக்குத் தளம், ஐம்பது பீரங்கி. இவர்களிடம் இருந்ததோ எட்டு. அதிலும் ஒன்றின் மேல் சமையல்காரன் துணி காயப்போடுவான். நேற்றே குண்டு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட அந்தக் கப்பல், ஏனோ ஒரு தடவைகூடச் சுடவில்லை. உயிரோடு பிடித்துத் தொங்கவிடத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இன்று காலை காற்றும் அடியோடு நின்றுவிட்டது. ஓடவும் வழியில்லை.

அறுபத்திரண்டு பேரில் எழுதத் தெரிந்தவர், பிரிஸ்டலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஒபதையா ஒருவர்தான். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு, தலைவர் ஜெத்ரோ கிராப் மெல்ல வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்ணு போடு."

"உங்களை யாரு பலவந்தம் பண்ணுனது தலைவரே?"

"நீங்கதான். வேணாம் வேணாம்னேன், ஓட்டுப் போட்டு என்னைத் தலைவனாக்குனது யாரு?"

அந்த ஓட்டுக்காக அவர் இரண்டு பீப்பாய் ரம் ஊற்றிக் கொடுத்ததைக் கிளற இது நேரமில்லை. ஒபதையா எழுதிக் கொடுத்தார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அறுபத்தோரு பேரும் பலவந்தமாக இழுத்து வரப்பட்டவர்கள் என்றால், இழுத்து வந்தவன் யார்? சீட்டு இல்லாத ஒரே ஆள் அவர்தான். தனக்குத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றால், நீதிமன்றத்தில் ஒரு வரி எழுதிக் காட்டச் சொன்னால் போதும், குட்டு உடைந்துவிடும்.

எனக்கு யாராவது ஒன்று எழுதுங்களேன் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். சைலஸ் நல்லவன், நாக்கைத் துருத்திக்கொண்டு அரை மணி நேரம் முயன்றான். காகிதம் கிழிந்ததுதான் மிச்சம். உயிர்பயத்தில் ஒபதையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுப்பகலில் போர்க்கப்பலிலிருந்து ஒரு படகு வந்தது. எல்லோரும் சீட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். ஒபதையா மட்டும் வெறுங்கையோடு நின்றார். கயிற்றேணியில் ஏறி வந்த முரட்டு மாலுமி ஒருவன், வந்ததும் வராததுமாக, "இங்க பலவந்தச் சீட்டு எழுதுற ஆளு யாரு?" என்று கேட்டான்.

அறுபத்தோரு விரல்களும் கூசாமல் ஒபதையாவைக் காட்டின.

மாலுமி அவர் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"மூணு நாளா தொண்டை கிழியக் கூப்பிடறோம், நிக்கவே மாட்டேங்கறீங்களே ஐயா. எங்க அதிகாரிங்களை எல்லாம் கீழ் அறையில கட்டிப் போட்டாச்சு. நாங்க இருநூத்தி எண்பது பேரும் உங்களோட சேந்துக்கறோம். ராஜா ஆளுங்க கடற்படைக்குன்னு எங்களைத் தெருவுல புடிச்சு இழுத்துட்டு வந்தப்ப ஒரு துண்டுச் சீட்டு குடுக்கல. நீங்களாச்சும், பலவந்தமா இழுத்துட்டுப் போனதா ஆளுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

ஒபதையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு," என்றார். "முதல்ல அந்த அதிகாரிங்கள்ல கையெழுத்து நல்லா இருக்கற ஒருத்தரை அவுத்துக் கொண்டா. எனக்கு ஒரு சீட்டு வேணும், பலவந்தமா எழுதி வாங்கணும்."