நொச்சித் தைலமும் இருபத்தைந்து முழங்கால்களும்

"எழில், உன் தைலம் வலியைக் குறைக்குதா, கூட்டுதா?"

பேராசிரியர் ரேவதி கேட்டதும் எழிலரசிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேஜையில் கிடந்த தாள்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அடி அண்ணாமலையில் முழங்கால் வலிக்காரர்கள் இருபத்தைந்து பேர். எட்டு வாரம் நொச்சித் தைலம் தடவி, வாரா வாரம் தங்கள் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிற வலி என்றால் பத்து. அவ்வளவுதான் சோதனை. எழிலரசியின் டாக்டர் பட்டமே அந்த எண்களை நம்பித்தான் இருந்தது.

"ஏழாவது வாரம் வரைக்கும் பிரமாதம். எட்டு, ஆறு, நாலுன்னு இறங்கி, எல்லாரும் ஒண்ணு, பூஜ்யத்துல நிக்கறாங்க. கடைசி வாரம் பாரு, பத்து, பத்து, பத்து! இதை நான் எங்க கொண்டுபோய்க் காட்டறது?"

"ஏழு வாரமும் நானே வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினேன் மேடம். போன வாரம் அக்கா கல்யாணம். ஃபாரத்தையெல்லாம் அந்த ஊர் சந்திரம்மாக்காகிட்ட குடுத்து, எல்லார்கிட்டயும் எழுதி வாங்கி வைங்கன்னு சொல்லிட்டுப் போனேன்."

"அந்த வாரம்தான் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்குக் கடை போட்டு நாள் முழுக்க நின்னிருப்பாங்க. இல்லன்னா, ஆராய்ச்சி முடிஞ்சா தைலம் வராதேன்னு வலியைக் கூட்டிச் சொல்லியிருப்பாங்க. எதுவா இருந்தாலும் திங்கட்கிழமைக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா முதல்லேருந்து ஆரம்பி."

முதலிலிருந்து என்றால் இன்னொரு வருஷம். வேலி வேலியாகப் போய் நொச்சி இலை பறித்து, காய்ச்சி, வடிகட்டி, மறுபடியும் இருபத்தைந்து முழங்கால்களைத் தேட வேண்டும். எழிலரசி தாள்களை இன்னொரு தரம் புரட்டினாள். ஒரே ஒரு தாளில் மட்டும் ஒன்பது இருந்தது.

"மேடம், காசி பெரியப்பா மட்டும் ஒண்ணு கம்மியா எழுதியிருக்காரு! அவரு பொய்யே சொல்ல மாட்டாரு. கடலை விக்கும்போது மூட்டையில சொத்தை இருந்தா அவரே எடுத்துக் காட்டிடுவாரு. அவரைக் கேட்டா உண்மை வந்துடும்."

அடுத்த முக்கால் மணி நேரத்தில் அவளுடைய ஸ்கூட்டர் அடி அண்ணாமலையில் நின்றது.

தெருமுனையில் சந்திரம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழிலரசியைக் கண்டதும் கையைக்கூட ஊன்றாமல் விருட்டென்று எழுந்தாள். அவள் தாளிலும் பத்துதான்; உயிர் போகிற வலி உள்ள முழங்காலாம் அது.

"இன்னா கண்ணு, இப்ப சந்தோஷம்தானே?" வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். "நீ பட்டம் வாங்குற அன்னிக்கு ஒரு வேன் வெச்சிக்கினு ஊரே வரப்போறோம்."

எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டுக் கேட்கிற கேள்வியைப் பார்!

"வாங்கக்கா, வாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தாள். இன்னும் இரண்டு பாட்டில் தைலம் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? ஏழு வாரமாக இவர்கள் வீட்டுக் களியும் குழம்பும் சாப்பிட்டவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

காசி தன் கடலைக் கொல்லையிலிருந்து தலையில் மூட்டையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா, மூட்டையை முதல்ல இறக்குங்க! முட்டி வலியோட இதையெல்லாம் தூக்கலாமா?"

"யாருக்கு வலி?" மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார் காசி. "அது போயி ஒரு மாசம் ஆவுது. உன் தைலம் நல்ல தைலம்மா."

"அப்புறம் ஏன் பெரியப்பா இப்படி எழுதினீங்க?" எழிலரசி பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். "எல்லாரும் பத்து, நீங்க ஒம்போது. இதனால என் படிப்பே நின்னுடும் போலிருக்கு."

காசிக்கு முகம் வாடிவிட்டது. தோள் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தாளின் உச்சியில் 'ஆய்வாளர்: எழிலரசி' என்று அச்சடித்திருந்த இடத்தை விரலால் தொட்டார்.

"கோச்சிக்காதம்மா. இந்தப் பேப்பரைப் பார்த்துத்தான் உனக்குப் பட்டம் தருவாங்கன்னு சந்திரம்மாகிட்ட சொன்னியாமே. பொண்ணு பாஸாவணும், ஒருத்தரும் பத்துக்குக் கம்மியாப் போடக்கூடாதுன்னு அவ வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனா. நானும் பத்துதான் போடலாம்னு இருந்தேன். ஆனா ஒரு நாளு எட்டு மணிக்கு வரேன்னுட்டு ஒம்போதரைக்கு வந்தே பாரு... அதுக்கு ஒரே ஒரு மார்க்குதாம்மா கொறைச்சேன்!"