வண்டிக்கடியில் சாம்பல்

"தண்ணி எங்கதான் போகுது?"

வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார் மெக்கானிக் ஜோசப். அதைத்தானே சேரன் இவரிடம் கேட்க வந்தான்?

பதினெட்டு வருஷத்துப் பழைய பிக்கப். ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றி அரிமளம் வரை கொண்டுபோய் இறக்கும் வண்டி. அவன் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான். இரண்டு வாரமாக, இஞ்சின் சூடேறாமல் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைக் கூலன்ட் மறுநாள் காலையில் பாதியாகிவிடுகிறது.

"ஹோஸ் நல்லாருக்கு. பம்ப் காஞ்சு கெடக்கு. பிரஷர் ஏத்தியும் பாத்துட்டேன், எறங்கல. வீட்டுல நிறுத்துற எடத்துல ஈரம் இருக்கா தம்பி?"

"ஒரு சொட்டு இல்லண்ணே."

ஜோசப்பின் முகம் சுருங்கியது. "அப்ப இஞ்சினுக்குள்ளதான் போகுது. மேல்மூடி ஹெட்டைக் கழட்டணும். இந்த வயசுல பிரிச்சா, திரும்ப எந்திரிக்குமான்னு சொல்ல முடியாது. எங்கப்பாவுக்கும் டாக்டர் இதையேதான் சொன்னாரு."

"பொழச்சாராண்ணே?"

"எங்க..." என்று கையைத் துடைத்துக்கொண்டார் ஜோசப். "கடைசியா ஒண்ணு செய்யி. சில வண்டி சூட்டுல ஒழுகாது, ஆறினப்பறம்தான் சொட்டும். படுக்கப் போறப்ப அடியில ஒரு அட்டையை விரிச்சு வையி. காலையில நனைஞ்சிருந்தா ஒழுகல் வெளியில, தப்பிச்ச. காஞ்சிருந்தா ஹெட்டுதான்."

விரித்து வைத்தான். காலையில் அட்டை நனைந்தும் இருக்கவில்லை, காய்ந்தும் இருக்கவில்லை. அட்டையே இல்லை.

அது இருந்த இடத்தில் புது மண். அதன்மேல் வட்டமாகச் சாம்பல். இத்தனை நாள் ஈரத்தை மட்டுமே தேடிய கண்ணில் அது பட்டதே இல்லை.

சேரன் கண் தானாகப் பக்கத்து வீட்டுக்குப் போனது.

பிரகதாம்பாள். கருவாடு விற்கிறவள், தனிக்கட்டை. அவள் வாசலை மறித்து வண்டியை நிறுத்தியதில் எட்டு மாதத்துக்கு முன்பு வந்த சண்டை. தெருவே பார்க்க மண்ணை வாரித் தூற்றினாள். "இந்த வண்டி வெளங்குமா? நடுரோட்டுல நிக்கும் பாரு!"

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வண்டியும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்ற வேப்பமரத்தடிக்கு மாறிவிட்டது.

போன வாரம் ஆவுடையார்கோவில் தாண்டி, ஆளரவமில்லாத இடத்தில், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு வண்டி நின்றது. சேரன் காதில் அந்தக் குரல்தான் கேட்டது.

"செய்வினைங்க," என்றாள் சாம்பலைப் பார்த்த மனைவி கார்த்திகா. சொல்லும்போதே இரண்டு வயது இனியாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அது வளத்த நாய்க்குட்டி சத்தத்தைப் பத்து நாளாக் காணோமே, கவனிச்சீங்களா? காவு குடுத்திருக்கும். மொதல்ல நாயி. அப்பறம் வண்டி. அதுக்கு அடுத்தது..."

"வாயை மூடுடி."

அவள் மூடிக்கொண்டாள். அந்த 'அடுத்தது' மூடவில்லை. அன்று முழுக்க அரிமளம் வரைக்கும் கூடவே வந்தது.

மறுபடியும் அட்டை விரித்தான். கோழி கூவுமுன் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

வெளிச்சம் கசியத் தொடங்கிய நேரம், பக்கத்து வீட்டுக் கதவு ஓசையில்லாமல் திறந்தது. முக்காடு போட்டுக்கொண்டு, கையில் முறத்தோடு பிரகதாம்பாள் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வண்டிக்கடியில் குனிந்தாள்.

சேரன் பாய்ந்து ஓடினான்.

"என்ன வச்ச? என் வண்டிக்கு என்ன வச்ச, சொல்லு! புள்ளகுட்டிக்காரன்னு கூடப் பாக்க மாட்டியா?"

அதட்டலாகக் கிளம்பிய குரல் அழுகையாக முடிந்தது.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஒரு கையில் முறம் நிறையச் சாம்பல். இன்னொரு கையில் அவன் விரித்த அட்டை. அதன் நடுவில் ஈரமாய், பச்சையாய், ஒரு வட்டம்.

வண்டிக்கடியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

ஒழுகல் வெளியில்தான்!

அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது.

"தெனமும் இதை மறைச்சது நீதானா? நான் இஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டுத் தெருவுல நிக்கணும், அதானே ஒனக்கு?"

பேச்சு இல்லாத வீட்டுக்காரனிடம் எப்படிப் பதில் சொல்வாள்? பிரகதாம்பாள் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டுக்க வேம்பே. இந்தப் பச்சைத் தண்ணி இனிக்கும் போலருக்கு. என் குட்டி இதை நக்கிட்டு ரெண்டு நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்து செத்துச்சு. மண்ணைத் தூத்துன வாயால 'ஒன் வண்டி வெஷத்தைக் கக்குது'ன்னு சொன்னா நம்புவானா? இன்னொரு சாபம்னு நெனப்பான். அதான், எம்பாட்டுக்கு விடியுமுன்ன வந்து அள்ளிப்புட்டு, புது மண்ணைப் போட்டு, சாம்பலைத் தூவிட்டுப் போறேன்."

துளி விழுந்த இடத்தில் முறத்துச் சாம்பலைத் தூவினாள்.

"வண்டி போன பொறவு, அந்த மண்ணைத்தானே வேம்பே, இனியாப்புள்ள சொப்புல போட்டுச் சோறுன்னு திங்குது?"