அனுபவசாலிகளுக்கு இன்று அனுமதி இல்லை

சேஃப்டி ஆடிட்டரின் கார் கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும், மேனேஜர் வசந்தகுமார் எங்கள் ஐந்து பேரையும் கட்டை குடோனுக்குள் தள்ளி ஷட்டரை இறக்கினார்.

ஐந்து பேரும் ரம்ப மெஷின் ஆபரேட்டர்கள். எங்கள் சர்வீஸைக் கூட்டினால் அறுபத்திரண்டு வருஷம். இவ்வளவு அனுபவம் ஆடிட்டர் கண்ணுக்கு ஆகாதாம்.

"எவன் தலையாவது வெளிய தெரிஞ்சிது, நாளையிலருந்து வேலைக்கு வர வாணாம்" என்றார். கையோடு ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலமும் கொடுத்தார். நல்ல மனுஷன்.

எங்களுக்குப் பதில் மெஷினில் நிற்க அவர் பிடித்த ஆள் குணசுந்தரி. எட்டு வருஷமாக அங்கே மரத்தூள் கூட்டுகிறவள். ஒரு பலகைகூட வெட்டியதில்லை. சும்மா நின்றால் போதும், ஆடிட்டர் ஒன்றும் கேட்க மாட்டார் என்று சொல்லியிருந்தார்கள்.

புது ஹெல்மெட், புது ஷூ, முழங்கை வரை கையுறை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் நடந்திருக்காது.

பிளேடின் மேல் மூடி மாட்டியிருந்தார்கள். அப்படி ஒரு சாமான் இருப்பதையே நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

ஷட்டர் இடுக்கில் கண்ணை வைத்தேன். ஆடிட்டர் வந்தார், சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு ஒரு பலகையைக் காட்டி, வெட்டிக் காட்டச் சொன்னார்.

அவள் புதுசு என்று பிளேடுக்குத் தெரியாது. கத்தினால் அவள் கை தப்பும், என் வேலை போகும். நான் கத்தவில்லை. பிரியாணி சாப்பிட்ட வாய் அல்லவா?

குணசுந்தரி முதலில் கையுறையைக் கழற்றி வைத்தாள். போட்டுக்கொள் என்று மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்றாள். சுவிட்சைப் போட்டாள். பலகை அவசரமில்லாமல் நகர்ந்தது. கடைசி ஒரு சாணுக்குக் கையை எடுத்துவிட்டு, குச்சியை வைத்துத் தள்ளினாள்.

மெஷினை அணைத்தாள். பிளேடு முழுசாக நிற்கும்வரை, வெட்டிய துண்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிப்காட்டில் இவ்வளவு சரியாக யாரும் வெட்டி, தான் பார்த்ததே இல்லை என்றார் ஆடிட்டர். மேனேஜர் தானே பெற்று வளர்த்த பிள்ளையைப் போல அவளைப் பார்த்துப் பூரித்தார். யாரிடம் பயிற்சி என்று ஆடிட்டர் அவளையே கேட்டார்.

"கிளவுஸ் மாட்டிக்கினு வெட்டக் கூடாது, பிளேடு கையோட இழுத்துக்கும்னு மணவாளன் அண்ணனாண்ட கத்துக்கினேன் சார். பிளேடு நிக்கறதுக்குள்ள துண்டை எடுக்கக் கூடாதுன்னு எட்வர்ட் அண்ணனாண்ட. தோ, அந்த குடோன்லதான் கீறாங்க."

வெகுளித்தனமா, வேண்டுமென்றே சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஷட்டர் ஏறியது. எட்வர்ட் யார் என்று கேட்டார் ஆடிட்டர். நான் ஓரடி முன்னால் வந்தேன். பாராட்டிக் கைகுலுக்க, சிரித்த முகத்தோடு வலது கையை நீட்டினார்.

நானும் நீட்டினேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே உள்ள கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், அவர் கை நடுவிலேயே நின்றுவிட்டது.