வட்டத் தொட்டி

காலி செய்த தண்ணீர்த் தொட்டிக்குள் பெயிண்டரும் அவர் மனைவியும் மூன்று நாளாக பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ்ஸே வளைந்து திரும்பலாம், அவ்வளவு பெரிய வட்டம். சுவரை ஒட்டி முணுமுணுத்தால் போதும், சத்தம் வளைவோடு ஓடி, எதிர்ப்பக்கம் நிற்பவர் காதில் பக்கத்திலிருந்து சொன்ன மாதிரி விழும். ஆனால் அந்த மூன்று நாளும் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் தம்பியைப் பற்றி அவர் வாய்க்கு வந்தபடி பேசியதால் வந்த வினை.

அன்று பதினொரு மணிக்கு அவருக்கே மனசு கேட்கவில்லை. நடுத்தூண் மறைத்ததால் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. முகம் பார்க்காமல் சொல்வது சுலபமாகவும் இருந்தது.

"நான் பேசினது தப்புதான். மன்னிச்சிடு," என்றார் சுவரிடம்.

"சரி, விடுங்க," என்றது அவள் குரல். "எத்தனை தடவைதான் கேப்பீங்க?"

ஒரு தடவைதானே கேட்டோம் என்று தோன்றினாலும், அவருக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினார். மேலே திறப்பு வழியாக, டீ வாங்கிக்கொண்டு அவள் ஏணியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, பெயிண்ட் காய்ந்த இடமாகப் பார்த்துச் சுவரில் காதை வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"உங்க குரல்தான். மன்னிப்புதான் கேக்குறீங்க. ஆனா உங்களுக்கு ரொம்ப வயசாயிடுச்சு."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்து, சத்தமாகவே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். சுவருக்குள் அந்த வயசான அவர் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.