தண்ணீர் வராத குழாய்

"அந்த சார் பாத்திரம் கழுவுற அழகைப் பாக்கணுமே. கட்டிக்கிட்டவங்க குடுத்து வெச்சவங்க."

மருத்துவமனை வராந்தாவில் இரண்டு நர்சுகள் பேசிக்கொண்டு போனது அவள் காதில் விழுந்தது. யாரோ புண்ணியவதி என்று நினைத்தபடி பயிற்சி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

கழுவிக்கொண்டிருந்தது அவள் வீட்டுக்காரர்தான்.

கண்ணை மறைக்கும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறும் காற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்த சமையலறை பக்கத்துத் திரையிலும் தெரிந்தது. பக்கவாதத்தில் விழுந்துபோன வலது கை மெல்ல எழுந்து, ஒரு தட்டைக் குழாயடியில் காட்டி, அலமாரியில் அடுக்கியது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து குடிச்ச டம்ளரை நகர்த்தி வெச்சதில்ல இந்த மனுஷன்," என்றாள் பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம். "சமையலறைன்னு ஒண்ணு இருக்கறதே இந்தக் கண்ணாடியைப் போட்டப்புறம்தான் தெரிஞ்சிருக்கு."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றார் கண்ணாடிக்காரர்.

"கேக்கட்டும்னுதானே சொல்றேன். குழாய்ல தண்ணி வராது, கையும் நனையாது. உங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இது வெறும் ஒத்திகைதான்மா. நிஜ கப்போட கனம், வழுக்கல், சூடு, இதெல்லாம் வீட்லதான் பழகணும். இப்ப சும்மா விட்டுட்டா கை இதோட நின்னுடும். சின்னச் சின்ன வேலையை சாரையே செய்ய விடுங்க."

"நானா வேண்டாங்கறேன்? இவருக்கு மனசு வரணுமே."

வீடு வந்து சேரும்வரை இதே பாட்டுதான். தங்கையைப் போனில் கூப்பிட்டும் சொல்லி ஆற்றிக்கொண்டாள். "உன் அத்தான் ஊரான் வீட்டு சமையலறையைப் பளபளன்னு வெச்சிருக்கார்டி. நம்ம வீட்டு சிங்க் மட்டும்தான் அவருக்கு ஆகாது."



மறுநாள் சாயங்காலம் அவர் டீயைக் குடித்துவிட்டு, வழக்கம்போல "இந்தா, எடுத்துட்டுப் போ" என்று கூப்பிடவில்லை. இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் காலிக் கப்போடு சமையலறைக்குள் வந்தார்.

"நகரு," என்றார்.

அவள் நகர்ந்தாள்.

குழாயைத் திறந்தார். விரல்கள் நடுங்கின. கப் வழுக்கியது, விடாமல் பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் சோப்பு நுரை.

"தண்ணி ஜில்லுனு இருக்கு," என்றார் மெதுவாக. "விரல்ல தெரியுதுடி."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அழைப்பு மணி அடித்தது. வெளியே நாத்தனாரின் குரல்.

"அண்ணி, நான்தான். அண்ணனைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். என் மாமியாரும் வந்திருக்காங்க."

"ஐயோ, விடுங்க அதை," என்றாள் கிசுகிசுப்பாக. "உடம்பு முடியாத மனுஷனைப் பாத்திரம் கழுவ விட்டிருக்கான்னு என்னைப் பேசறதுக்கா?"

"இரு, இன்னும் அலசல."

அவர் விரல்களைப் பிரித்துக் கப்பைப் பிடுங்கினாள். நுரையைத் துண்டால் துடைத்து, அவரை நடத்திக்கொண்டுபோய் ஹால் நாற்காலியில் உட்கார வைத்து, வலது கையை எடுத்து மடியில் கிடத்தி, மேலே ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.