மெறினாவின் விண்ணப்பம்

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். தன் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்குக் கூடவே இருந்து நிரப்பிக் கொடுத்த யசிந்தா ரீச்சர், மெறினா மட்டும் வராததில் கொதித்துப்போய் அவளுடைய ஊரான ஓலைத்தொடுவாய்க்கே பஸ் ஏறினார்.

மெறினா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தினை தரம் கூப்பிட்டனான்? கம்பஸ் போற எண்ணம் இல்லையோ உனக்கு?"

"போன கிழமையே போனில போட்டிட்டன், ரீச்சர்."

"அதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன? என்ரை அரை நாள் போச்சு!"

"சொல்லத்தான் வந்தனான். உங்களைச் சுத்தி ஒரே சனம்." மெறினா தயங்கினாள். "உங்கட மகளும் அம்மாவுக்கு நேரமில்லையெண்டு என்னட்டைத்தான் வந்தவ. அவவுக்கும் நான்தான் போட்டுக் குடுத்தனான்."

வீட்டில் ஒரு நாள்கூடத் தன் மகளிடம் விண்ணப்பம் பற்றிக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ரீச்சருக்கு உறைத்தது.