பொதுச்சுவர்

பால்மிராவின் புது வீட்டைப் பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே அங்கே திரண்டிருந்தது. எர்சிலியா மட்டும் போகவில்லை. புருஷனுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

அவள் புருஷன் ஒரெஸ்தேவுக்கு உடம்பு முடியாமல் போய் வெகுகாலம் ஆகிறது. பூகம்பம் வந்த வாரமே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்தவர்தான். அவள் வராததற்குக் காரணம் அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மலைமேல் எர்சிலியாவின் வீட்டுக்கும் பால்மிராவின் பழைய வீட்டுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர். இந்தப் பக்கம் எர்சிலியா இருமினால் அந்தப் பக்கம் பால்மிராவுக்குக் கேட்கும். பூகம்பத்தில் இரண்டு வீடும் விரிசல் விட்டன. புருஷனோடு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு எர்சிலியா ஊர் திரும்பியபோது, பால்மிராவின் வீடு இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது.

அரசாங்கத்தில் எர்சிலியாவின் வீட்டைத் தாங்க வெளியே ஒரு முட்டுச்சுவர் எழுப்பி, விரிசலைப் பூசிக் கொடுத்தார்கள். பால்மிரா கொஞ்ச காலம் கூடாரத்தில் இருந்தாள். பிறகு அவளுக்கு அடிவாரத்தில் புது வீடே வந்துவிட்டது.

குழாயைத் திருகினால் வெந்நீர். தரையிலிருந்தே கதகதப்பு. எர்சிலியாவோ இன்னும் விறகைச் சுமந்து படியேறினாள்.

இடிந்த கடைக்குப் பதிலாகத் தகரக் கொட்டகையில் ஃபாவுஸ்தோ திறந்திருந்த காபிக்கடையில், ஒருநாள் அவளால் அடக்க முடியவில்லை.

"அவ வீட்டில அப்படி என்ன பெரிய விரிசல்? என் வீட்டில கையே நுழைஞ்சுது. நான் ஆஸ்பத்திரியில அல்லாடிக்கிட்டிருந்த நேரம் பார்த்து, இருந்ததை இடிக்க விட்டு புதுசா வாங்கிக்கிட்டா. கெட்டிக்காரி."

காபி குடிக்க வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஃபாவுஸ்தோ திரும்பாமல் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கும் தன் எண்ணம்தான் என்று எர்சிலியா நினைத்துக்கொண்டாள்.

பால்மிராவோ தினமும் காலையில் ஒரெஸ்தேவுக்குப் பருப்பு சூப் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மலையேறி வந்தாள். எர்சிலியா வாசலிலேயே பாத்திரத்தை வாங்கிக்கொள்வாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

"புது அடுப்பில வச்சதாக்கும்?"

"அதை ஏன் கேக்கிற? அது எனக்குப் பழகவே மாட்டேங்குதுடி. எல்லாம் அடிப்பிடிக்குது" என்று பால்மிரா சிரிப்பாள்.

பீற்றிக்கொள்கிறாள் என்று எர்சிலியாவுக்கு வயிறு எரியும்.

குளிர் தொடங்குமுன் சுவர்களைப் பார்த்துப் போக ரோமிலிருந்து இன்ஜினியர் வந்தார். பூகம்பம் ஆனபோது வந்த அதே மனிதர். முட்டுச்சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். எர்சிலியா விடவில்லை. பால்மிராவின் வீடு இடிக்க வேண்டிய வீடே இல்லை என்றும், யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டு இடிக்க வைத்திருக்கிறாள் என்றும், அதை விசாரிக்க வேண்டும் என்றும் படபடவென்று கொட்டினாள்.

இன்ஜினியர் கையிலிருந்த நோட்டை மூடினார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. அவங்க வீட்டைப் பழுது பார்த்திருக்கலாம். சாய்ஞ்சு நின்னது உங்க வீடு."

எர்சிலியாவுக்குப் புரியவில்லை.

"உங்க வீட்டை இடிக்கிறதாத்தான் முதல்ல முடிவாச்சு. முட்டுச்சுவர் கொடுத்தா தப்பிக்கும். ஆனா சுவர் எழுப்ப இடம் வேணுமே? அந்த இடத்தில அவங்க வீடு நின்னுச்சு. 'ஒரெஸ்தே பிழைச்சு வந்தா அவர் வீட்டுக்குத்தான் வரணும், என்னுதை எடுத்துக்கோங்க'ன்னு அவங்களே சொன்னாங்க. புது வீடு கிடைக்கும்னு அப்ப அவங்களுக்கு யாரும் உறுதி கொடுக்கலை."

எர்சிலியாவின் கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

"இதை ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலை?"

"விசாரணைன்னு நீங்க சொன்னதாலதான் நானே வாயைத் திறந்தேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காங்க. எங்கிட்டயும்தான். 'அவ ரோஷக்காரி. தெரிஞ்சா அந்த வீட்டில ஒரு ராத்திரிகூட நிம்மதியாப் படுக்கமாட்டா'ன்னு."